இருவரும் கையெழுத்திட வேண்டும்

அத்தியாயம் பதினொன்று

காலை எட்டே காலுக்குக் கூரியர்காரன் கதவைத் தட்டினான். சின்னத் திரை ஒன்றை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். றமணன் போட்டான். கூரியர்காரனுக்கு ஒருவரின் கையெழுத்துப் போதுமாக இருந்தது.

கடிதத்தை நின்றபடியே பிரித்தான். நின்றபடியே படித்தான். அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்தது. அதை நிறுத்தாமல் இரண்டாம் முறையும் படித்தான்.

‘அன்புள்ள திரு. றமணன், திருமதி சிவரூபினி அவர்களுக்கு. குத்தகையை நீடிக்கக் கோரி நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. வீட்டின் பதிவேட்டில் இருவர் பெயர் உள்ளது. நோட்டீசில் ஒருவரின் கையெழுத்து மட்டுமே உள்ளது. இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே இதை ஏற்க இயலாது.’

சிவரூபினி இறந்து பதினொரு மாதம் ஆகிறது.

போன வாரம் அந்த நோட்டீசைக் கம்பெனி வாசலில் கையோடு கொடுத்துவிட்டு வந்து, “இனிப் பயமில்லை” என்று சொலிசிட்டர் கம்சிகா சொன்னதை நம்பி, பல மாதங்களுக்குப் பிறகு றமணன் ஆறு மணித்தியாலம் ஒரே மூச்சில் தூங்கியதோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தூக்கத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தெற்கு லண்டனில், நோர்பரியில் ரயில் பாதையைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு அது. றமணனும் ரூபினியும் கலியாணம் கட்டிய வருடம் வாங்கியது. வாங்கியது என்றால், இந்த நாட்டு வழக்கப்படி, நாலு சுவருக்குள் இத்தனை வருடம் குடியிருக்கலாம் என்ற உரிமையை வாங்கியது. நிலமும் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கட்டடம் எழும்பியபோது தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு எழுதிய குத்தகை தேய்ந்து தேய்ந்து இப்போது எண்பதில் வந்து நிற்கிறது.

எண்பதுக்கு மேலே இருக்கும்போது நீடிக்கக் கேட்டால் ஒரு விலை. ஒரு நாள் கீழே இறங்கிவிட்டால் வேறு விலை. நீடித்த பிறகு வீட்டின் பெறுமதி எவ்வளவு கூடுமோ, அதில் பாதியையும் கம்பெனிக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோடு வரும் திங்கட்கிழமை.

இன்று வியாழன்.

றமணனுக்குக் குறொய்டனில் வேலை. பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவன். ஒரு நிமிடம் பிந்தினாலும் பிந்தியதுதான் என்று டிரைவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுகிறவன். அவன் கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, முப்பத்தெட்டு நிமிடம் சங்கீதம் கேட்டான்.

கடைசியில் ஒரு பெண்குரல் வந்தது. வீட்டு இலக்கம் கேட்டது. சொன்னான்.

“நன்றி. இந்தக் கணக்கில் முதல் பெயராக இருப்பவர் உங்கள் மனைவி. அவருடைய அனுமதி இல்லாமல் உங்களோடு இதைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கிறாரா?”

றமணன் சோபாவைப் பார்த்தான். இடது மூலையில் பள்ளம் விழுந்த இடம் அப்படியே இருந்தது. அவன் அதில் உட்காருவதில்லை.

“இல்லை.”

“எப்போது பேசலாம்?”

“அவர் இறந்துவிட்டார். டிசம்பரில் உங்களுக்கு மரணச் சான்றிதழ் அனுப்பினேன். பிரதி அல்ல. அசல்.”

மறுபக்கத்தில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“ஆமாம், ஓர் ஆவணம் வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அதற்குத் திருமதி சிவரூபினிக்குப் பதிலும் அனுப்பியிருக்கிறோம்.”

“யாருக்கு?”

“திருமதி சிவரூபினிக்கு.”

உண்மைதான். அந்தக் கடிதம் சமையலறை லாச்சியில் கிடக்கிறது. ‘அன்புள்ள திருமதி சிவரூபினி, உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்காக வருந்துகிறோம்.’ ஜனவரியில் அதைப் படித்தபோது றமணனுக்குக் கோபம்கூட வரவில்லை. மடித்து, கரண்டிகளுக்குக் கீழே வைத்தான். அந்த நாட்களில் எது வந்தாலும் மடித்து எதற்காவது கீழே வைத்தான்.

“அந்தச் சான்றிதழைத் திருப்பித் தாருங்கள். இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

“எழுத்தில் கேட்கலாம். இருபத்தெட்டு வேலை நாட்கள் ஆகும். கோரிக்கை மட்டும், கணக்கில் முதல் பெயராக இருப்பவரிடமிருந்து…”

றமணன் தொலைபேசியை வைத்தான். இந்தத் தடவை கடிதத்தை மடித்து எதற்கும் கீழே வைக்காமல், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான்.  

*

சொலிசிட்டர் கம்சிகாவின் அலுவலகம் லண்டன் றோட்டில், மரக்கறிக் கடைக்கு மேலே. படியேறும்போதே கறிவேப்பிலையும் ஈரமான காட்போட் பெட்டியும் மணக்கும். கம்சிகாவுக்கு றமணனைவிட நாலைந்து வயது குறைவு. ரூபினியோடு ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கடிதத்தை வாங்கியவள், கடித்த றோல்ஸை அப்படியே தட்டில் வைத்தாள்.

“எருமையள்” என்றாள்.

“இதிலை என்ன செய்யலாம்?”

“பிழை அவையில, றமணன் அண்ணா. ரெண்டு பேரிலை ஒராள் இல்லையெண்டால் மற்ற ஆளுக்குத்தான் உரித்து. சட்டம் அவ்வளவுதான். ட்ரைபியூனல் கோட்டுக்குப் போனால் வெல்லலாம்.”

“வெல்லலாமோ, வெல்லுவமோ?”

கம்சிகா கொஞ்சம் தாமதித்தாள். “வெல்லலாம்.”

“தோத்தால்?”

“தோக்கிற நேரம் திங்கட்கிழமை எப்பவோ போயிருக்கும். பேந்து இருபதாயிரத்துக்கு மேலை கூடக் குடுக்கவேணும். அதுதான் அவைக்கு வேணும். யோசிச்சுப் பாருங்கோ. நோட்டீஸ் குடுத்துப் பத்து நாள். அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். பொத்தி வைச்சிருந்து கடைசி வியாழன் கூரியரிலை அனுப்புகினம். ஆள் இல்லையெண்டு அவைக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறியள்? பைலிலை இருக்குது.”

“கூப்பிடச் சொன்னவை.”

“ஆரை?”

“ரூபினியை. போனுக்கு.”

கம்சிகா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். திரும்பி உட்கார்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

“சரி. கேளுங்கோ. நாளைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்கு முன்னம் புது நோட்டீஸ் ஒண்டு கையிலை குடுக்கிறம். உங்கடை கையெழுத்து மட்டும். அதோடை காணிப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு போர்ம். ரூபினி அக்கான்ரை பேரைப் பதிவிலை இருந்து எடுக்கச் சொல்லி. காலமை நான் ஒன்லைனிலை போட்டிட்டு, அந்த ரசீதையும் சேர்டிபிக்கட் கொப்பியையும் நோட்டீசோடை குத்தி விட்டால், அவை வாய் திறக்க ஏலாது.”

“பேரை எடுக்கிறது.”

“ஓம் அண்ணா. ரெண்டு பக்கப் போர்ம். காசும் இல்லை. போன வருசமே செய்திருக்க வேணும்.”

செய்திருக்க வேண்டும். றமணனுக்குத் தெரியும். அந்தப் படிவத்தை அவன் இரண்டு தடவை அச்செடுத்தான். இரண்டு தடவையும், ‘இறந்த உரிமையாளரின் முழுப் பெயர்’ என்ற கட்டத்தில் வந்து பேனா நின்றுவிட்டது.

அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டுக்கு முற்பணம் கட்டிய காசு ரூபினியின் சீதனம். மிச்சம் என்ற ஊரில் கடை நடத்தி, புருஷனையும் இடையில் பறிகொடுத்து, மாமி தவமலர் சேர்த்த காசு. ஊர் வழக்கத்தில் சீதன வீடு பெண்ணின் வீடு. அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் அது அவள் பிறந்த பக்கத்துக்குத் திரும்பும். இங்கே சட்டம் வேறு. அவள் போனதும் முழுவதும் புருஷனுக்கு. அப்படியிருக்க, சாவுத் துடக்கு ஆறுவதற்குள் அவள் பெயரை வெட்டியவன் என்று யார் சொல்ல மாட்டார்கள்?

மாமியும், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு ஒன்று சொல்லியிருந்தார். “வருசம் திரும்புமட்டும் அவளின்ரை பேப்பர் ஒண்டிலையும் கை வைக்கவேண்டாம், தம்பி. ஆட்டத்திவசம் முடிய எல்லாம் பாப்பம்.” றமணன் தலையாட்டினான். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆட்டத்திவசத்துக்கு இன்னும் பதினேழு நாள். திங்கட்கிழமைக்கு நாலு நாள்.

“மற்ற சேர்டிபிக்கட் எங்கை?” என்று கேட்டாள் கம்சிகா. “ரெண்டு அசல் எடுத்தனீங்கள்தானே?”

“மாமியிட்டை. ரூபினியின்ரை பேப்பர் எல்லாம் அங்கைதான்.”

“புதுசு எடுக்கிறதெண்டால் செவ்வாய்தான் கையிலை கிடைக்கும். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு அது என்ரை மேசையிலை இருக்கவேணும்.” படிவத்தை அச்செடுத்து நீட்டினாள். “இதிலையும் கையெழுத்து வைச்சுக் கொண்டுவாங்கோ.”

அவன் படியிறங்கும்போது மேலேயிருந்து கூப்பிட்டாள். “அண்ணா! மாமி ஓமெண்டு சொல்லுவாவோ?”

றமணன் தொடர்ந்து படியிறங்கினான். தெரியாததை அவன் சொல்வதில்லை.

*

மிச்சத்துக்குப் போகிற பஸ் நாலு நிமிடம் பிந்தி வந்தது.

கடையில் தர்சிகன்தான் நின்றான். ரூபினியின் தம்பி. இருபத்தெட்டு வயது, இங்கேயே பிறந்தவன். அக்கா போன பிறகு அத்தானோடு அவன் கதைப்பது குறைந்துவிட்டது. கோபம் என்று இல்லை. இருவரையும் சேர்த்து வைத்திருந்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

றமணன் விஷயத்தை நாலு வசனத்தில் சொன்னான். மரணச் சான்றிதழ் வேண்டும். பதிவில் பெயரை எடுக்க வேண்டும். நாளைக்குள். இல்லாவிட்டால் கம்பெனி விலையைக் கூட்டிவிடும்.

தர்சிகன் லாட்டரி இயந்திரத்தில் சாய்ந்தபடி கேட்டான்.

“சீரியஸ்லி, அத்தான்? பதினேழு நாள் வெயிட் பண்ண ஏலாதோ?”

“திங்கட்கிழமை வெயிட் பண்ணாது.”

“அந்த டெப்பொசிட் அம்மான்ரை காசு. தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப அது அக்கான்ரை வீடு.”

“ஓம்.”

“ஓம் எண்டுறியள். பேந்து பேரை வெட்டுறன் எண்டுறியள். அக்கான்ரை பேரை எடுத்தால் நீங்கள் மட்டும்தான் ஓனர். நாளைக்கு நீங்கள் வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு வந்து அதிலை இருந்தால்…”

கதவு மணி அடித்தது. ஒரு வயதான அம்மா பாலும் பூனைச் சாப்பாடும் வாங்க வந்தார். சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இன்றைக்குக் குளிர் என்றார். ஆமாம், குளிர் என்றான் தர்சிகன். 

கதவு மூடியதும் றமணன் சட்டைப்பையில் கையை விட்டான். வீட்டுச் சாவிகள் தொங்கிய திறப்புக் கோர்வையை எடுத்து, பூனைச் சாப்பாடு இருந்த இடத்தில் வைத்தான்.

“இந்தா. எடு.”

“என்ன இது?”

“வீட்டுத் திறப்பு. உனக்கு வேணுமெண்டால் எடு. மாமிக்கு வேணுமெண்டால் மாமி எடுக்கட்டும். நாளைக்கே எழுதித் தாறன்.” அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது, நிறுத்த முடியவில்லை. “ஆனால் அவங்கள் எடுக்க விடமாட்டன். விளங்குதோ? அவ நைற் ஷிப்ட் செய்து செய்து கட்டின வீடு. கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து மோர்கேஜ் கட்டின வீடு. ஒரு செங்கல்லும் தூக்காதவன், ஒரு பைப்பும் திருத்தாதவன், சும்மா நாலு நாளைக் கடத்திப்போட்டு அதிலை பாதியைத் தின்ன நான் விடமாட்டன்!”

“கடைக்குள்ளை என்ன சத்தம்?”

பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு தவமலர் நின்றார். கையில் விலை ஒட்டும் இயந்திரம். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முதலில் மகனைப் பார்த்தார்.

“நீ வாயைப் பொத்து. ஆருக்கு என்ன கதைக்கிறதெண்டு ஒரு இது இல்லை.” பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். “தம்பி, சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை, மாமி.”

“உள்ளுக்கு வாங்கோ.”

*

பின்னறை என்பது சோடாப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கதிரையும் ஒரு கேத்திலும். தவமலர் பிட்டும் சம்பலும் எடுத்து வைத்தார். றமணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தர்சிகன் கடையையும் அறையையும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி வாசலில் நின்றான்.

“எனக்கு எல்லாம் கேட்டது” என்றார் தவமலர். “சேர்டிபிக்கட் என்னட்டை இருக்குது. உங்கடை பக்கத்திலை பிழை இருக்கெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் தம்பி, வருசம் முடியேல்லை. அந்தப் பிள்ளை இன்னும் எங்கடை கணக்கிலை வீட்டிலைதான் நிக்கிறாள். அவளின்ரை பேரை வெட்டிப்போட்டு, பேந்து என்னெண்டு நான் பதினேழு நாளையாலை அவளுக்குப் படைக்கிறது? எந்த முகத்தோடை?”

றமணன் கடிதத்தை எடுத்துத் தர்சிகனிடம் நீட்டினான்.

“வாசிச்சுச் சொல்லு.”

தர்சிகன் ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டு போனான். பாதியில் அவன் வேகம் குறைந்தது. நாலாவது வரியில் நின்றான்.

“என்ன? சொல்லன்.”

“ரெண்டு பேரும் சைன் பண்ணவேணுமாம்.”

“எந்த ரெண்டு பேர்?”

“அத்தானும்… அக்காவும்.”

தவமலர் கையிலிருந்த இயந்திரத்தை மேசையில் வைத்தார்.

“திரும்ப வாசி.”

வாசித்தான்.

“அவள் இல்லையெண்டு அவைக்குத் தெரியாதோ?”

“சேர்டிபிக்கட் அனுப்பினனான், மாமி. டிசம்பரிலை. வாங்கி வைச்சுக்கொண்டு அவக்கே பதில் போட்டிருக்கினம். உங்கடை இழப்புக்கு வருந்துறம் எண்டு. இண்டைக்குப் போன் எடுக்க, அவவைக் கதைக்கச் சொல்லுகினம்.”

தவமலர் மகனின் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

“இருபத்திரண்டு வருசம் இந்தக் கடை வைச்சிருக்கிறன்” என்றார் தவமலர். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “ஒரு பால் போத்தல் வித்தால், அது வாங்கினவனுக்குச் சொந்தம். நான் போய் அவன்ரை வீட்டுக் கதவைத் தட்டி, போத்தல் என்ரை, காசு கட்டு எண்டு கேக்கிறேல்லை. இந்த நாட்டிலை வீட்டை வித்துப்போட்டு, வித்தவனே சொந்தக்காரன். சரி, நாங்கள் வந்த சனம், அவையின்ரை சட்டம் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன். அவள் செத்தாப்பிறகும் நிலத்து வாடகை எண்டு வருசக் காசு கேட்டு அவளின்ரை பேருக்குத்தானே கடிதம் வந்தது, தம்பி?”

“ஓம்.”

“கட்டினனீங்களோ?”

“கட்டினனான்.”

“காசை வாங்கேக்கை அவள் உயிரோடையோ, இல்லையோ எண்டு கேட்டவையோ? கையெழுத்துக்கு மட்டும் அவள் வேணுமோ? சுடலையிலை போய் வாங்கட்டாமோ?” கடிதத்தின் மேல் உள்ளங்கையால் அடித்தார். “என்ரை பிள்ளை முப்பத்திரண்டு வயசிலை வேலைக்குப் போன இடத்திலை மூளை நரம்பு வெடிச்சுச் செத்தவள். அவளைக் கூப்பிடட்டாம்!”

எழுந்தார். அரிசி மூட்டைக்கு மேலேயிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்தார். பொலித்தீன் பையில் சுற்றி நூலால் கட்டிய ஒரு நீல நிறக் கோப்பை எடுத்து வந்தார்.

றமணன் அதை அடையாளம் கண்டான். எட்டுச் செலவன்று கொண்டுவந்து கொடுத்தது. அன்று காலை ரூபினியின் மேசையில் கிடந்ததை எல்லாம், என்ன ஏது என்று பார்க்காமல், ஒரு கையால் வழித்துக் கோப்புக்குள் போட்டான். பார்க்க முடியாது என்பதால்தான் வழித்தான்.

“பிரிக்கேல்லையோ, மாமி?”

“நான் எங்கை பிரிச்சன்? வருசம் முடியட்டும் எண்டு வைச்ச கட்டு. உங்கடை முடிச்சுத்தான்.”

அவரே நூலை அவிழ்த்தார்.

சம்பளத் துண்டுகள். பல் வைத்தியரின் அட்டை. பாதி நிரப்பிய ஒரு பாஸ்போட் விண்ணப்பம். மரணச் சான்றிதழ் மேலேயே இருந்தது. அதை மட்டும் றமணன் கட்டும்போது தனியாகச் சேர்த்திருந்தான். தவமலர் அதை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு பக்கம் வைத்தார்.

அதற்குக் கீழே, ஒரு மூலையில் குத்திய மூன்று தாள்கள். விளிம்பில் மஞ்சள் ஒட்டுத்துண்டு இரண்டு.

தர்சிகன்தான் முதலில் படித்தான். “அத்தான்.”

“என்ன?”

“இது நோட்டீஸ். லீஸை எக்ஸ்டெண்ட் பண்ணுற நோட்டீஸ். அக்கா எழுதியிருக்கிறா.” தாளைப் புரட்டினான். “சைன் பண்ணியிருக்கிறா.”

கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள். முதல் கோட்டில் நீல மையில் ரூபினியின் கையெழுத்து; ‘சி’க்கு மேலே வழக்கம்போல ஒரு சுழி. இரண்டாவது கோட்டின் கீழே அவன் பெயர் அச்சாகியிருந்தது. கோடு வெறுமையாக இருந்தது. தேதி போடும் இடமும் வெறுமை.

றமணனுக்கு அந்தக் காலை வந்து முன்னே நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். “இஞ்சை பாருங்கோ, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ. எண்பதுக்குக் கீழை போனால் அவங்கள் எங்களை மொட்டை அடிச்சுப்போடுவாங்கள்.” “பஸ்ஸுக்கு நேரமாச்சு, ரூபி. பின்னேரம் வைக்கிறன்.” “பஸ்ஸுக்கு டைம்டேபிள் போடுற ஆளே பஸ்ஸுக்கு ஓடுறார்” என்று அவள் சிரித்தாள். அன்று பின்னேரம் மறந்துபோனான். புதனும் மறந்துபோனான். வியாழன் அவள் திரும்பி வரவில்லை.

“அவை ரெண்டு கையெழுத்துத்தானே கேக்கினம்?” தர்சிகனின் குரல் இப்போது வேறாக இருந்தது. “அத்தான், நீங்கள் மற்ற லைனிலை போடுங்கோ. இண்டையத் தேதி போடுவம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம். அக்கான்ரை பேரை எடுக்கவும் தேவையில்லை. முடிஞ்சுது கதை.”

“அவ இல்லை, தர்சிகன்.”

“அவையே இருக்கிறா எண்டுறினம்! போனுக்குக் கூப்பிடுகினம், லெட்டர் போடுகினம். நாங்கள் ஏன் இல்லையெண்டு சண்டை பிடிக்கவேணும்?”

“சேர்டிபிக்கட் அவையிட்டை இருக்குது. நாளைக்கு எடுத்து நீட்டுவினம். களவெண்டு சொல்லுவினம்.”

“நீட்டட்டும். அப்ப டிசம்பரிலையே தெரியும் எண்டு அவையின்ரை வாயாலையே வரும்தானே?”

 அதிலிருந்த நியாயம் றமணனைப் பயமுறுத்தியது. காலை முழுவதும் அந்தக் கம்பெனிக்கு என்ன செய்யலாம் என்று கொதித்துக்கொண்டிருந்தவனின் கையில், அவர்கள் கேட்டதே வந்து விழுந்திருக்கிறது. ஒரு கையெழுத்தும் ஒரு தேதியும்தான் மிச்சம்.

“பேனை இருக்கோ?” என்றான்.

தர்சிகன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நீலப் பேனை.

றமணன் பிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். மேசையை ஒரு தடவை துடைத்தான். இரண்டாவது கோட்டில், அவசரமில்லாமல், தன் முழுப் பெயரையும் எழுதினான்.

“தேதி?” என்றான் தர்சிகன்.

“போடேல்லை.”

“ஏன்?”

“இது அவ கேட்ட கையெழுத்து. அவைக்கு இல்லை.”

பிறகு சட்டைப்பையிலிருந்து கம்சிகா கொடுத்த படிவத்தை எடுத்து, நீவி விரித்தான். ‘இறந்த உரிமையாளரின் முழுப் பெயர்.’ இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. எழுதினான். கீழே கையெழுத்தும் வைத்தான். நோட்டீசுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தான்.

மூவரும் மேசையைப் பார்த்தார்கள். ஒரு தாளில் ரூபினி வீட்டுக்காரி. மற்றத் தாளில் அவள் இல்லை. நோட்டீசில் இரண்டு பெயரும் ஒரே நீலம். பார்த்தால், ஒரே காலையில், ஒரே மேசையில், புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி வைத்தது போலவே இருந்தது.

தவமலர் ரூபினியின் கையெழுத்தை விரலால் தொட்டார். சுழியை ஒரு தடவை சுற்றினார். பிறகு நோட்டீஸ், படிவம், கவிழ்த்து வைத்த சான்றிதழ், மூன்றையும் எடுத்துக் கோப்பில் போட்டு, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இப்போது அது அவருடைய முடிச்சு.

“மாமி, அது நாளைக்குப் பத்து மணிக்குக் கம்சிகாவின்ரை மேசையிலை…”

“தெரியும். நானும் வாறன். தர்சிகன் கடையைப் பாப்பான்.”

“எதைக் குடுக்கிறதெண்டு…”

தவமலர் முன்கடைக்குப் போனார். கல்லாமேசையில் கிடந்த திறப்புக் கோர்வையை எடுத்து வந்து, மருமகனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

“இதை இனி ஒருத்தரிட்டையும் நீட்டாதேங்கோ” என்றார். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அவை கேட்ட ரெண்டு கையெழுத்தும் இப்ப என்னட்டை இருக்குது. அவையின்ரை முகத்தைப் பாத்திட்டு, எதைக் குடுக்கிறதெண்டு நான் சொல்லுறன்.”